படிவத்தில் விடுபட்ட கேள்வி

இருதய நோய் ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வரையில் பெண்கள் ஓரளவு காப்புற்றிருப்பது உண்மையே. அதன்பின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் குறைகிறது. இரத்தத்தில் தீய கொலஸ்டிரால் பெருகுகிறது. கொழுப்பு வயிற்று உறுப்புகளைச் சூழ்ந்து சேர்கிறது. எடை கூடாதிருக்கும்போதும் இம்மாற்றம் நிகழக்கூடும். ஆகவே எடைப்பொறியை மட்டும் நம்புதல் தகாது. அளவு நாடாவும் வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடையளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கையாகும்.

பெங்களூரிலுள்ள தேசிய நோய்த் தகவலியல் ஆராய்ச்சி மையம் 2017-18ஆம் ஆண்டில் நாடளாவிய அளவாய்வு ஒன்றை முன்னின்று நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 41 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என அது கண்டது.

முப்பது வயது நிரம்பியோருக்காக ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில் வயது, புகையிலை, மது, இடையளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆயினும் மாதவிடாய் நின்ற வயதுக்கு அதில் மதிப்பெண் இல்லை. கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவையால் இழந்த 42 வயதுப் பெண்ணும், அவ்விழப்பு நேராத அதே வயதுப் பெண்ணும் அங்கே சமமாகின்றனர். 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களுக்கு இருதய நோய் அபாயம் மிகுதி என்பது தெளிந்த செய்தியாயிற்றே!

பணியாளருக்குச் சுமை ஏற்கெனவே மிகுதி, இத்தகைய கேள்வி கூச்சம் தரும் என்று சிலர் கூறலாம். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு உண்டா என்று, புற்றுநோயைக் கருதி, அதே படிவம் கேட்கத்தான் செய்கிறது. நின்றது எந்த வயதில், இயல்பாகவா அறுவையாலா என்று கூடுதலாகக் கேட்பதற்கு அரை நிமிடம் போதும். இக்கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பதே முறை. சேர்க்கப்படும் வரை, விடையை ஓரத்தில் குறித்து மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

எடை குறைக்கக் கூறும் அறிவுரையிலும் நிதானம் தேவை. பட்டினியால் குறைவது கொழுப்பு மட்டுமன்று. தசையும் எலும்பும் நலிவுறும். 70 கிலோ எடையுள்ள பெண் சில மாதங்களில் மூன்றரைக் கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும். களி உருண்டையும் சோறும் சிறுகட்டும். பயறும் அவரையும் கீரையும் பெருகட்டும். வாரத்தில் 150 நிமிடம் விரைந்த நடையும், இருநாள் தசைவலுப் பயிற்சியும் வேண்டும். இருதயத்தைக் காக்கவென்று சுரப்புநீர் மாத்திரைகளை நாடுதல் கூடாது; அமெரிக்காவில் நடந்த பெரும் சோதனையொன்று, தீங்கு மிகுந்தமையால் 2002ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

பெற்றோர் கூட்டங்களில் தாய்மாரையும் பாட்டிமாரையும் சந்திக்கும் ஆசிரியர்கள் இவற்றை எடுத்துரைப்பது பெருந்துணையாகும். குடும்பத்தார் யாவருடைய உடல்நிலையையும் விசாரிக்கும் பெண்ணை, அவளுடைய உடல்நிலை குறித்து விசாரிப்பவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.