இடித்தவர் போய்விட்டார், அபராதம் நின்றவருக்கா?

“சின்னக் கீறல்தானே, இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார்.”

நின்றுகொண்டிருந்த காரை இடித்துவிட்டு இப்படிச் சொல்லிக் கிளம்புவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. இந்த ஒரு வரியைக்கூடச் சொல்லாமல், ஆள் வருவதற்குள் நழுவிவிடுகிறவர்களும் ஏராளம். செய்த தவறுக்குப் பொறுப்பேற்க மறுக்கும் இந்தப் பழக்கத்தையும், அதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்கும் காவல் நிலையங்களையும், பாதிக்கப்பட்டவரிடமே வசூலிக்கும் காப்பீட்டு நடைமுறையையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தினமும் எங்காவது ஓரிடத்தில் நடக்கிற காட்சிதான் இது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்திய காரை எடுக்க வருகிறார் உரிமையாளர். பின்பக்க பம்பரின் ஒரு மூலை உள்ளே போயிருக்கிறது. வெள்ளை பெயின்ட்டின் மேல் வேறு வண்டியின் நீலம் அப்பியிருக்கிறது. பின்விளக்கின் சிவப்புத் துண்டுகள் தரையில் கிடக்கின்றன. வாட்ச்மேன், “நான் கேட் பக்கம் இருந்தேன் சார்” என்கிறார். சிசிடிவியை ஓட்டிப் பார்த்தால், ரிவர்ஸில் வந்த ஒரு குட்டியானை காரைத் தட்டுவது தெரிகிறது. ஓட்டுநர் இறங்கி வருகிறார். அடிபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை. பிறகு ஏறிப் போய்விடுகிறார். நம்பர் பிளேட் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருக்கிறது.

இடித்தது கவனக்குறைவு. அது யாருக்கும் நேரும். இறங்கிப் பார்த்து, சேதம் என்று தெரிந்த பிறகும் கிளம்பிப் போனாரே, அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் சூட்ட முடியாது. இதில் குட்டியானைக்காரரை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை. இருபது லட்சம் ரூபாய் காரின் கதவை அகலத் திறந்து பக்கத்து வண்டியில் பள்ளம் போட்டுவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் லிஃப்டை நோக்கி நடப்பவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆளுக்குக் காயம் இல்லையென்றால் சட்டத்துக்கு வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆவது பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டுமல்ல, வாகன விபத்தால் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தாலும் ஓட்டுநருக்குக் கடமைகளை விதிக்கிறது. காவலர் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும். அங்கே காவலர் இல்லையென்றால், கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகில் உள்ள காவல் நிலையத்தில் நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். தன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். மீறினால் 187-ஆவது பிரிவின்கீழ் தண்டனை உண்டு. 2019-இல் வந்த திருத்தம் அந்தத் தண்டனையை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று கூட்டியது. மறுபடியும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டியவர் யாரென்று காவல் துறை கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133-ஆவது பிரிவின்படி வாகன உரிமையாளருக்கு இருக்கிறது. “டிரைவர் யாருன்னு தெரியலை” என்று முதலாளி கைவிரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, நடைமுறையில் என்ன நடக்கிறது? பம்பர் உடைந்தது என்று காவல் நிலையத்துக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, “ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்பதுதான். அடுத்தது, “பேசி முடிச்சுக்கோங்க.” சட்டம் ஒழுங்குப் பிரிவுக்குப் போனால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் இங்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்குள் அரை நாள் வேலை கெடுகிறது. குற்றம் சிறியது என்பதால் புகாரைப் பதிவு செய்யாமல் விடும் அதிகாரம் எந்த நிலைய எழுத்தருக்கும் தரப்படவில்லை. இடித்தவர் தைரியமாகக் கிளம்பிப் போவதற்கு இந்த அலட்சியமே முதல் காரணம்.

“இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க” என்ற அறிவுரைக்கு வருவோம். நஷ்டத்தைக் காப்பீட்டு நிறுவனம்தானே தாங்குகிறது, உங்களுக்கு என்ன போயிற்று என்பது அதன் உட்பொருள். போவது என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓராண்டு முழுவதும் சொந்தச் சேதத்துக்காக எதுவும் கோராத கார் உரிமையாளருக்கு, அந்தப் பிரிவின் பிரீமியத்தில் 20 சதவீதம் நோ கிளெய்ம் போனஸாகத் தள்ளுபடியாகும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதத்தைத் தொடும். ஒரேயொரு தடவை கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்ஜியம். சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் 6,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர், அடுத்த ஆண்டு முழுத் தொகையும் கட்ட வேண்டும். கூடுதல் செலவு 6,000. அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் தள்ளுபடி படிப்படியாக ஏறும்போது 3,600, 3,000, 1,800, 600 என்று கூடுதலாகக் கட்டுகிறார். மொத்தம் 15,000 ரூபாய். இதுபோக ஒவ்வொரு கிளெய்மிலும் 1,500 சிசி வரையிலான கார் என்றால் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டது என்றால் 2,000 ரூபாயும் உரிமையாளர் கையிலிருந்து போகும். 8,000 ரூபாய் பம்பர் வேலைக்கு 16,000 ரூபாய். ஆண்டுதோறும் காரின் மதிப்பு குறைவதால் இந்தத் தொகை சற்றுக் குறையலாம். ஆனால் நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பது மாறாது. போனஸைக் காப்பாற்றிக்கொள்ளத் தனிப் பாதுகாப்பு வாங்கலாமே என்பார்கள். அதற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதையும் கட்டப்போவது இடிபட்டவர்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இடித்தவரிடம் சட்டப்படி இருந்தாக வேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு இதற்காகவே ஏற்பட்டது. வழக்கமான பாலிசியில் அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் காருக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரையிலும், இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் பாதுகாப்பு இருக்கிறது. போனஸ் சொந்தச் சேதப் பிரிவோடு மட்டும் சேர்ந்தது என்பதால், அந்த வழியில் ஈடு கொடுத்தால் இடித்தவருக்கு அந்தத் தள்ளுபடிகூடப் போகாது. நஷ்டமே இல்லாமல் பொறுப்பேற்க அவருக்கு வழியிருக்கிறது. ஆனாலும் நஷ்டப்பட்டு நிற்பவர் நியாயமாக வண்டி நிறுத்தியிருந்தவர்!

அந்த வழியில் ஏன் யாரும் போவதில்லை? பாதையை அப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள். பொருட்சேதத்துக்கும் ஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று 165-ஆவது பிரிவு சொல்கிறது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் அந்தப் பணியைச் செய்கிறது. ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 8,000 ரூபாய்க்கு வழக்கறிஞர் வைத்து, வாய்தாவுக்கு வாய்தா விடுப்பு எடுத்து அலைய யாரால் முடியும்? காப்பீட்டு நிறுவனங்களோ, அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவரே பார்த்துக்கொள்வது, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. நிறுவனங்களுக்கு அலைச்சல் மிச்சம். அந்த உடன்பாட்டில் கையெழுத்துப் போடாத வாடிக்கையாளர்தான் போனஸை இழக்கிறார். தன் மேல் தவறில்லை என்று சிசிடிவி பதிவோடு வந்து நிற்பவரையும், தானே சுவரில் மோதிக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைக்கிறது இந்த நடைமுறை. இதை நியாயம் என்று சொல்ல எந்தக் காப்பீட்டு அதிகாரிக்காவது மனம் வருமா?

இந்த ஓட்டையைப் பட்டறைகளும் விடவில்லை. டிங்கரிங் வேலைக்கு வண்டியைக் கொண்டுபோனால், அடிபட்ட இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, “கேஷா, இன்சூரன்ஸா?” என்ற கேள்வி வருகிறது. பதிலைப் பொறுத்து எஸ்டிமேட் மாறுகிறது. கையில் காசு என்றால் பள்ளம் எடுத்துப் பட்டி பூசி பெயின்ட் அடித்தால் போதும். இன்சூரன்ஸ் என்றால் பம்பரையே மாற்ற வேண்டும். “அந்தப் பழைய கீறலையும் இதுலயே சேர்த்துப் போட்டுடலாம் சார்” என்ற யோசனையும் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குத் தலையாட்டும் உரிமையாளர், இடித்தவரைக் குற்றம் சொல்லும் தகுதியை அங்கேயே இழக்கிறார். இப்படி ஊதிய பில்கள் எல்லாருடைய பிரீமியத்திலும்தான் வந்து சேர்கின்றன.

வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் வசூலிப்பவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ‘வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்’ என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். டெல்லியில் 1998-இல் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தைத் தகர்த்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு காரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டலுக்கு வந்துவிடுகிறது. தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று காட்டாமல், உரிமையாளர் பொறுப்பு என்ற வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றது தீர்ப்பு. வாலே பார்க்கிங் என்று சாவியை வாங்கிப்போய், கீறலோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “வரும்போதே இருந்தது சார்” என்று சாதிக்கும் கல்யாண மண்டபங்களும் உணவகங்களும் இதைப் படிக்கட்டும்.

பாதிக்கப்பட்ட கார்க்காரர்களுக்கும் ஒரு கண்டனம் உண்டு. ஆட்டோக்காரரோ, டெலிவரிக்கு ஓடும் இளைஞரோ லேசாக உரசிவிட்டால், வண்டிச் சாவியைப் பிடுங்குவது, செல்போனைப் பறித்து வைத்துக்கொள்வது, கூட்டம் கூட்டி 20,000 எடு என்று மிரட்டுவது, கை நீட்டுவது – இவையும் நடக்கின்றன. சேதத்துக்கு ஈடு கேட்கும் உரிமை, அடிக்கும் உரிமை ஆகாது. நடுத்தெருக் கட்டப் பஞ்சாயத்துக்குப் பயந்தே பலர் நிற்காமல் ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நின்றால் மரியாதையாகப் பேசுவார்கள், நியாயமான தொகைதான் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் நிற்பவர்கள் கூடுவார்கள்.

திருத்தம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. பொருட்சேதம் மட்டும் உள்ள வாகனப் புகார்களுக்கு அன்றே சி.எஸ்.ஆர். ரசீது தர வேண்டும், சிசிடிவி பதிவில் எண் தெரிந்தால் உரிமையாளரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று காவல் துறைத் தலைமை சுற்றறிக்கை அனுப்பட்டும். தன் மேல் தவறில்லை என்று ஆவணத்தோடு நிரூபிப்பவரின் போனஸில் கைவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடட்டும். நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் விலையை வாடிக்கையாளர் ஏன் கொடுக்க வேண்டும்? தகவல் கிடைத்ததும் ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க 149-ஆவது பிரிவு ஏற்கெனவே வழி தருகிறது. சிறு பொருட்சேதங்களுக்கும் அந்த வழியைத் திறந்து, தீராதவற்றை மக்கள் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் முடிக்கட்டும். கட்டணம் வாங்கும் ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் நம்பர் பிளேட் தெரியும் உயரத்தில் கேமரா வைப்பதை உரிம நிபந்தனை ஆக்கட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடிபட்டால், வண்டியை நகர்த்துவதற்கு முன் இரண்டு வண்டிகளும் நம்பர் பிளேட்டும் தெரியப் படம் எடுங்கள். எதிராளியின் உரிமம், காப்பீட்டு விவரம், தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்கு அவரையும் அழைத்துப்போய் எஸ்டிமேட்டைக் காட்டுங்கள். பேசி முடித்தால் தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மறுத்தால் புகார் கொடுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் இடித்திருந்தால், இறங்குங்கள், நில்லுங்கள். உரிமையாளர் இல்லையென்றால் பெயரையும் எண்ணையும் எழுதி வைப்பரில் செருகுங்கள். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அடுத்தவர் வண்டியை உடைத்தால் அதற்கான செலவு உங்களுடையது. அதை அவருடைய இன்சூரன்ஸில் போடச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.