ஆபிரகாமின் மக்களும் ஆண்டவன் அடியாரும்

திருமயிலையில் கபாலீச்சரத்திற்கும் சாந்தோம் தேவாலயத்திற்கும் இடைப்பட்ட வழி ஒரு நாழிகை நடையே. அவ்வழியில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் கூற்றொன்று ஈண்டு ஆராயற்பாலது. கடவுளுக்கு உரியராதல் பிறப்பினாலன்று, விசுவாசத்தினாலேயே என்னும் உண்மையை உணர்த்தியது கிறித்து மதம் ஒன்றே என்றும், இந்நாட்டுச் சமயங்கள் குலத்தையே பற்றி நிற்பன என்றும் பாதிரிமார் பலர் கூறிவந்தனர், இன்றும் கூறுவாருளர்.

இக்கூற்றின் முற்பகுதிக்குரிய சிறப்பை மறைத்தல் நடுநிலையாகாது. ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுமுன்னரே நம்பிக்கையினால் நீதிமானாக எண்ணப்பட்டான். ஆதலின் அந்நம்பிக்கையுடையார் எவரோ அவரே அவன் மக்கள் என்று பவுல் கலாத்தியருக்கும் உரோமருக்கும் விடுத்த நிருபங்களில் வாதித்தார். அவர்தாமும் பெஞ்சமின் கோத்திரத்து யூதர். தம் குலப்பெருமையைத் தாமே துறந்து பேசிய அத்துணிவு போற்றத்தக்கதே.

ஆயினும் அவ்வுண்மை அம்மதத்திற்கே தனியுரிமை என்பது பொருந்தாது. ஆதிசைவ மரபினராகிய சுந்தரமூர்த்திகள் திருத்தொண்டத்தொகையில் குயவர்க்கும் வண்ணார்க்கும் புலையர்க்கும் தம்மை அடியர் என்றார். அவ்வளவில் நில்லாது, இருந்த இடமும் காலமும் அறியப்படாத அடியாரையும் வணங்கினார். மூவேந்தர் தமிழ்நாட்டிற்கு அப்பாலுள்ளாரையும், அக்காலத்திற்கு முன்னும் பின்னும் உள்ளாரையும் அது குறிக்கும் என்று சேக்கிழார் விரித்தார். இதனினும் பரந்த வேலி யாண்டுளது? சகலாகம பண்டிதராய்க் குலகுருவாய் வீற்றிருந்த அருணந்தியார், வேளாளர் குடியில் தோன்றிய இளஞ்சிறார் மெய்கண்டாரின் அடிபணிந்தார். உமாபதி சிவனார் மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் தில்லைவாழந்தணரால் விலக்கப்பட்டார். அவரே பெற்றான் சாம்பானுக்கு முத்தி அளித்தார் என்பது வரலாறு.

கொள்கையளவிலும் ஒரு வேறுபாடு உண்டு. பவுலின் கருத்தில் விசுவாசம் வந்தபின்னரே ஒருவன் உரியவனாகின்றான். வாராதவன் புறத்தே நிற்கின்றான். சித்தாந்தத்திலோ உயிர் அநாதியே சிவனுக்கு அடிமை. மலபரிபாகத்தால் அவ்வுரிமை அறியப்படுகின்றதேயன்றிப் புதிதாகச் செய்யப்படுகின்றதில்லை. அறியாதவனும் உடையவனுக்கு உடைமையே என்க.

இனி, அக்கோட்பாடு இந்நாட்டில் நடந்தவாறு காண்போம். கல்கத்தா ஆயர் தானியேல் உவில்சன் 1833-இல் சாதிவேற்றுமையைச் சபையினின்றும் அறவே ஒழிக்குமாறு திருமுகம் விடுத்தார். அது படிக்கப்பட்டபொழுது வேப்பேரிச் சபையினின்றும் வெளியேறியவர் பலர். தஞ்சை வேதநாயகம் சாத்திரியார், கிறித்துவைப் பாடிய அப்பெருங்கவிஞர், 1829-இலேயே சாதிமுறையைக் காத்து எழுதியிருந்தார். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில் இருபிரிவாகக் கவைத்துக் கட்டப்பட்டது: வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம்! ஒரே பலிபீடத்தை நோக்கியிருந்தும் ஒருவரையொருவர் காணாத அமைப்பு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு இடிக்கப்பட்டதும் வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித்து மக்களுக்கெனத் தனிக்கொள்கை வகுக்கவேண்டியதாயிற்று. அம்மக்களுள் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-இல்.

ஒழுகுவார் குற்றத்தைக் கோட்பாட்டின்மேல் ஏற்றலாகாது எனின், ஏற்புடையதே. ஆனால் அந்நீதி இருபாலார்க்கும் ஒக்கும். பவுலின் நிருபத்தையும் மயிலைத் தெருவையும் ஒப்பிடுவார், வடக்கன்குளத்தையும் திருத்தொண்டத்தொகையையும் ஒப்பிட ஒருப்படுவரோ?

அந்நீதியைச் சைவரும் தம்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். பாதிரியாரை மறுக்கும்போது நந்தனாரை எடுத்துக்காட்டுதல் எளிது. பங்குனியில் அறுபத்துமூவருள் ஒருவராக மாடவீதியில் அவர் உலா வருகின்றார். அவர் குலத்தார் மதுரை ஆலயத்துள் புகுந்தது 1939-இலே, நாடெங்கும் சட்டத்தால் உரிமை பெற்றது 1947-இலே. அனைத்துச் சாதியாரும் அருச்சகராகலாம் என்ற 2006-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து ஆதிசைவ சிவாசாரியர் சங்கத்தார் உச்சநீதிமன்றம் வரை சென்றனர். அரசுப் பயிற்சி பெற்ற 24 பேர்க்குப் பணியாணை 2021-இலேதான் வழங்கப்பட்டது. ஆகமத்தின்மேல் நிற்கும் அவர் வாதம் கல்வியற்ற வாதமன்று. ஆயினும் ஆகமமனைத்தும் கற்று, சிறுவரொருவர் திருவடியில் வீழ்ந்த அருணந்தியாரும் ஆதிசைவரே.