மலர் நாடும் ஈ

உத்திரமேரூர்க் கல்வெட்டின் பெருமையைக் கேளாத மாணவர் தமிழ்நாட்டில் அரியர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அவற்றைப் போற்றுவோர் பலரும் வாரியங்களின் பெயர்களை விரைந்து படித்து அப்பாற் செல்வர். ஆங்கே சற்று நின்று நோக்குவார்க்கு ஒரு செய்தி புலனாகும். ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தெரிந்தெடுத்த ஊரார், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரைத் தெரிந்தெடுத்தனர். தோட்டக் காவல் அத்துணைப் பெரும்பணியாக அந்நாளில் மதிக்கப்பெற்றது.

அத்தோட்டங்களில் ஓலையில் பெயர் எழுதப்பெறாமலே உழைத்தவையும் உண்டு. அவற்றுள் ஒன்று மலர் நாடும் ஈ. அதன் வழிவந்த இனம் இன்றும் அவ்வூர்க் கொல்லைகளிலும் வரப்புகளிலும் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கிறது. அதனை உற்று நோக்குவார்தாம் குறைவு.

காலை வெயில் ஏறும் வேளையில் கொத்தமல்லிப் பாத்தியருகே நின்றால் அதனைக் காணலாம். மஞ்சளும் கருமையும் மாறி மாறி அமைந்த உடல். சிறகடித்தபடியே காற்றில் ஓரிடத்தில் அசையாது நிற்கும் ஆற்றல். பிறகு ஒரு நொடியில் மறைவு. வேளாண்மை நூலார் இதனைச் சிர்பிட் ஈ என்பர். உலகில் ஏறத்தாழ 6,000 வகைகள் இதன் குடும்பத்தில் உள்ளன. காண்பவர் தேனீ என்று அஞ்சி ஒதுங்குவர். ஆனால் இதற்குக் கொடுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை. தேனீக்குச் சிறகு நான்கு, இதற்கு இரண்டே. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிற்றுறுப்பு ஒன்று நின்று, பறக்கும்போது உடல் சாயாமல் காக்கிறது. கொட்டும் உயிரின் கோலத்தைப் பூண்டிருத்தலின் பறவைகள் இதனை அணுகத் தயங்குகின்றன. போர்க்களம் காணாதவன் வீரனின் உடையணிந்து நடப்பது போன்றது இது எனச் சிலர் நகைக்கலாம். உயிர் பிழைக்க வேண்டிய சிற்றுயிருக்கு அந்நகைப்பால் இழப்பு ஒன்றுமில்லை.

இக்கோலத்தால் ஏமாந்தவை பறவைகள் மட்டுமல்ல. எருதின் பிணத்திலிருந்து தேனீக்கள் பிறக்கும் எனப் பழங்கால உரோமானியர் நம்பினர். வர்சில் என்னும் பெரும்புலவரே தம் உழவு நூலில் அதனை விரித்துப் பாடினார். அழுகலில் பிறந்தவை தேனீக்கள் அல்ல, தேனீயைப் போன்ற ஈக்களே என்று ஆஸ்டென் சாக்கன் என்னும் உருசிய அறிஞர் 1894-இல் ஒரு நூல் எழுதி விளக்கினார். அவ்வகை ஈயின் புழு தேங்கிய நீரில் வாழும்; வால்போல் நீண்ட குழாயை மேலே நீட்டி மூச்சுவிடும். சேற்றுநீரில் அதனைக் கண்டு முகஞ்சுளிப்பவர், சிறகு முளைத்தபின் பூவில் அமரும் ஈ அதுவே என்பதை எண்ணுவதில்லை.

ஈ என்ற பெயரே இகழ்ச்சிக்கு இடமாயிற்று. வீட்டில் மொய்க்கும் ஈ நோய் பரப்புவது உண்மை. அதனை விலக்குதலும் முறையே. ஒன்றன் குற்றத்துக்காக அதன் சுற்றம் முழுவதையும் ஒறுப்பது எந்த நீதி? ஈ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குத் தமிழில் 'கொடு' என்னும் பொருளும் உண்டு. தாழ்ந்து நிற்பவன் உயர்ந்தோனிடம் இரக்கும்போது கூறும் சொல் அது எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். மாமரத்தின் கீழ் நிற்கும் உழவன் யாரிடம் இரக்கிறான் என்பதை ஆராய்ந்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். தை, மாசித் திங்களில் பூக்கும் மாவுக்கு ஈயினங்களே மிகுதியாக வந்து மகரந்தம் சுமக்கின்றன. ஆத்திரேலிய நாட்டு மாந்தோட்டக்காரர் சிலர் அழுகிய இறைச்சியைத் தோட்டத்தில் வைத்து ஈக்களை வருந்தி அழைப்பதும் உண்டு. நாற்றத்தைப் பொறுத்தாலன்றிக் கனியின் மணம் வாராது போலும்!

சிர்பிட் ஈயின் பயன் பூவோடு முடிவதன்று. அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் இளந்தளிரில் அசுவினி என்னும் செடிப்பேன் கூட்டங்கூட்டமாய் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். தாய் ஈ அக்கூட்டத்தின் நடுவே முட்டையிடுகிறது. வெளிவரும் புழுவுக்குக் காலும் இல்லை; கண்ணும் இல்லை. தலையை இங்குமங்கும் துழாவி, அகப்பட்ட பேனைத் தூக்கிச் சாறு குடித்துத் தோலை எறிகிறது. புழுப்பருவம் முடியுமுன் ஒரு புழு சில நூறு பேன்களை உண்டுவிடும். உழவரோ இலையில் புழுவைக் கண்டதும் பகையென்று கருதி மருந்து தெளிக்கிறார். மருந்துக்குப் பேனும் மடிகிறது. பேனை உண்பதும் மடிகிறது. பேன் விரைந்து பெருகும் இயல்பினது. முன்னர் மீள்வது அதுவே.

பயிர் அழியும்போது உழவர் கைகட்டி நிற்க இயலுமா எனக் கேட்பார் உளர். கேள்வி நேரியதே. கடன்பட்டு விதைத்தவரிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. அவர் இழப்பைத் தாங்குவது அரிது. எனினும் பூ விரிந்திருக்கும் முற்பகலில் தெளிப்பதற்கு எந்த இன்றியமையாமையும் இல்லை. தெளிக்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்கச் செலவும் இல்லை. அதனினும் வருந்தத்தக்கது, பயிருக்குத் தீங்கு செய்யாத வரப்புப் பூண்டுகளையும் களைக்கொல்லியால் கருக்குவது. பயிர் பூவாத காலத்தில் ஈக்குத் தேன் தருவன தும்பையும் கிணற்றடிப் பூண்டுமே. வரப்போரத்தில் ஒரு முழ அகலம் அவற்றுக்கு விட்டால் குடி முழுகிவிடாது.

உத்திரமேரூருக்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கல் மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று ஆட்சித்தலைவரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு எருவாவதை அவர்கள் கண்டிருந்தனர். பறவை பெரிது, கண்ணுக்குத் தெரிந்தது. ஈ சிறிது, ஆதலின் அதற்காக முறையிடுவார் இல்லை.

பள்ளித் தோட்டத்தில் கொத்தமல்லியை இரண்டு வரிசை பறிக்காமல் பூக்கவிட்டால் மாணவரே இதனை அறியலாம். தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் சிறு கொக்கிகளால் இணைந்திருத்தலின் சிறகை எண்ணுவது எளிதன்று. தலையின் முன்னுள்ள உணர்கொம்பை நோக்குக. தேனீக்கு அது நீண்டு வளைந்திருக்கும். சிர்பிட் ஈக்கு இருப்பதே தெரியாதபடி குறுகியிருக்கும். பூவில் அது அமர்ந்திருக்கும் சிறுபொழுதே அதனைக் காணப் போதும்.