பரணில் தூங்கும் டூ இன் ஒன்... பையில் சாகும் இயர்பட்ஸ்! எது நல்ல சரக்கு?

"அந்தக் காலத்துப் பொருளுக்கு இதெல்லாம் ஈடாகுமா?"

வீட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் மக்கர் செய்தால் போதும், பெரியவர்களில் யாராவது ஒருவர் இப்படி ஆரம்பித்துவிடுவார். "அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போக முடியுமா தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் தரப்பிலிருந்து உடனே பதில் வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு என்பதை, இந்த வாரம் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

ஸ்க்ரூ டிரைவர் போதும்!

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-ல். அடுத்த இருபது வருடங்களுக்குள் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த 'டூ இன் ஒன்' நம் ஊருக்கும் வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் மாமாவின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். வீட்டில் அதற்கு எம்ப்ராய்டரி போட்ட துணி உறை, உயரமான ஸ்டூல், 'பசங்க தொடக்கூடாது' என்ற சட்டம் எல்லாம் உண்டு. அன்றைய சம்பளத்துக்கு அது பெரிய முதலீடு. பத்து, பதினைந்து வருடம் உழைக்கும் என்று நம்பித்தான் வாங்கினார்கள்.

அதன் பின்மூடியில் இருப்பவை சில ஸ்க்ரூக்கள். கழற்றினால் கனமான டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ரப்பர் பெல்ட், சர்க்யூட் போர்டில் கால் ஊன்றி நிற்கும் ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் தெரியும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவு. ஒன்று போனால் அதை மட்டும் கழற்றி, வேறொன்றை சால்டரிங் செய்தால் முடிந்தது. தெருமுனை ரேடியோ மெக்கானிக்கின் பிழைப்பே அதில்தான் ஓடியது.

இனி இயர்பட்ஸுக்கு வருவோம். இதில் ஸ்க்ரூவே கிடையாது, எல்லாம் பசை. உள்ளே கடுகை விடச் சிறிய பாகங்கள். ஆம்ப்ளிஃபையர், ப்ளூடூத் எல்லாம் நகத்தளவுகூட இல்லாத சிப்பில் அடக்கம். இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை வேலையை அடைத்தது உண்மையிலேயே பெரிய சாதனைதான். பிரச்னை அங்கே இல்லை, பேட்டரியில் இருக்கிறது.

லித்தியம் அயான் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ்கள் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு கொள்ளளவு ஏறக்குறைய 80 சதவிகிதத்துக்கு இறங்கி, அங்கிருந்து தேய ஆரம்பிக்கும். தினமும் ஒரு முறை சார்ஜ் ஆகும் இயர்பட்ஸ், 500 என்ற எண்ணை ஒன்றரை வருடத்துக்குள் தொட்டுவிடும். என்னுடையது இரண்டே வருடத்தில் இடது காதைக் கைவிட்டது. சர்வீஸ் சென்டரில், "ரிப்பேர் எல்லாம் இல்லைங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். சிப், ஸ்பீக்கர், மைக் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. ஒரு பொட்டு அளவு பேட்டரிக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

இது என் ராசி மட்டுமல்ல. மின்னணுப் பொருள்களைப் பிரித்துப் பார்த்து, 'ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம்?' என்று பத்துக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் என்ற அமைப்பு, 2016-ல் வெளிவந்த முதல் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்த மார்க் பூஜ்ஜியம்.

ஆனால், சத்தத்தில் யார் ஜெயிப்பார்?

இங்கே தாத்தா கட்சி கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேசட்டில் டேப் நகரும் வேகம் நொடிக்கு வெறும் 4.76 சென்டிமீட்டர். பெல்ட் லேசாகத் தளர்ந்தாலே பாடகரின் குரல் அலையடிக்கும். பாட்டுக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, சாதாரண கேசட்டில் 50 டெசிபெல் சுற்றுவட்டாரம். 1982-ல் வந்த சிடியில் அது சுமார் 96. இன்று ஒரு சாதாரண வயர் இயர்போனை மொபைலில் செருகினாலே, அன்றைய டூ இன் ஒன்னில் கேட்காத வயலின் கேட்கும்.

அப்படியானால் பழைய பெட்டியின் சத்தம் ஏன் இன்னும் இனிக்கிறது? பெரிய கூடும் பெரிய ஸ்பீக்கரும் தரும் கனமான ஒலி ஒரு காரணம். கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து கேட்டது இன்னொரு காரணம். இரண்டாவதை எந்த மீட்டராலும் அளக்க முடியாது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் உழைத்தது' என்கிறோம். உழைத்தவை மட்டும்தானே இன்று நம் கண்ணில் படுகின்றன? மூன்றே மாதத்தில் டேப்பைத் தின்று தீர்த்த மலிவு செட்டுகள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. அவற்றுக்காக யாரும் பெருமூச்சு விடுவதில்லை.

உறுதியாகச் செய்யும் வித்தை இன்று தொலைந்துவிடவும் இல்லை. டிஜேக்களின் செல்லமான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ரெக்கார்டு பிளேயர் 1972-ல் அறிமுகமானது. அதன் புகழ்பெற்ற மார்க் 2 மாடலின் எடை 12.5 கிலோ. 2010-ல் தயாரிப்பு நின்று, 2016-ல் மீண்டும் வந்தபோது புதிய மாடலின் எடை சுமார் 18 கிலோ. பழசை விட கனம்! ஆனால் விலை 4,000 டாலர். காசு கொடுத்தால் உறுதி இன்றும் கிடைக்கிறது. நம் பட்ஜெட்டில் கிடைக்கும் பொருள்களிலிருந்துதான் அது நழுவிவிட்டது.

பரணில் ஒரு குரல் இருக்கலாம்

சரி, பழைய டூ இன் ஒன்னை என்ன செய்வது? பாட்டு கேட்க மொபைல் போதும். ஆனால், பல வீடுகளில் அந்தப் பெட்டிக்கு வேறொரு வேலை பாக்கி இருக்கிறது.

போன் பேசுவது பெரும் செலவாக இருந்த 80-களில், வளைகுடாவுக்குப் போன அப்பாக்கள் கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். இங்கிருந்து அம்மா பேசி, குழந்தையின் மழலையைச் சேர்த்துப் பதில் கேசட் போகும். பாட்டியின் தாலாட்டு, அண்ணனின் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு, கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று இப்படிப் பதிந்தவை எந்த மியூசிக் ஆப்பிலும் கிடைக்காது. டேப்பும் அழிந்துகொண்டே வருகிறது, அதை ஓட்டும் பெட்டியும் அழிந்துகொண்டே வருகிறது. எனவே, தள்ளிப்போட வேண்டாம்.

* பல வருடம் தூங்கிய செட்டை நேராக பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம், ரப்பர் பெல்ட் தார் போல உருகியிருக்கலாம். பழைய பேட்டரி கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஓட்டுவது நல்லது.

* கேசட்டின் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால், தவறுதலாக ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் குரல் அழியாது. குரல் பதிந்த கேசட்டுகளில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

* ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். முதலில் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமா பாட்டு கேசட்டை ஓட்டிப் பாருங்கள். அது சிக்காமல் ஓடினால் மட்டும் அப்பாவின் கேசட்டைப் போடுங்கள்.

* ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் வழியாக கம்ப்யூட்டரின் ஆடியோ இன்புட்டுக்கு இணைத்து, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். பதிந்ததை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்றை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்கள்.

புதுசு வாங்கும்போது...

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினால், கரன்ட்டில் நேரடியாக ஓடும் மாடலைப் பாருங்கள். பேட்டரி இல்லையென்றால் பேட்டரி சாவும் இல்லை. ஆக்ஸ் துளை இருக்கிறதா, மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, பேட்டரி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இயர்பட்ஸ் தினமும் மணிக்கணக்கில் தேவையென்றால், கூடவே ஒரு வயர் இயர்போனும் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு கிடைக்கக் கிடைக்க பேட்டரியின் ஆயுள் நீளும்.

சட்டமும் மெதுவாகத் திரும்புகிறது. ஐரோப்பிய யூனியன் விதியின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சிறு சாதனங்களில், சில விலக்குகள் தவிர, பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி இருக்க வேண்டும். இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தை 2022 டிசம்பரில் தொடங்கியது. வாங்கும் நாமும் கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ரிப்பேர் ஆனா சரி பண்ண முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்தால் இன்னும் வேகமாகத் திரும்பும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். கேசட்டில் டேப் தொளதொளவென்று தொங்கினால், சுற்றுவதற்கு ஒரு பென்சில் போதும்.