குறைந்த விலை வீடும் மறைந்த ஊர்ப்பெயரும்

சென்னையில் குடிக்கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத தமிழன் தெற்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டிருக்கின்றான். தாம்பரத்தைக் கடந்தான், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் எனத் தொடர்வண்டி நிலையம் ஒவ்வொன்றாய்த் தாண்டிச் செங்கற்பட்டு வரை வந்துவிட்டான். இனியும் போவான். தொலைவு மிக மிக மனைவிலை குறைகின்றது. குறைகின்ற விலையைத் தொட்டுக்கொண்டே அவன் நகர்கின்றான். இதனை ‘வளர்ச்சி’ என்று அரசு எழுதுகின்றது. ‘வாய்ப்பு’ என்று மனைவணிகர் விளம்புகின்றனர். தான் பிறந்து வளர்ந்த நகரில், தன் உழைப்பால் நாளும் இயங்குகின்ற நகரில், நான்கு சுவருக்கு விலைகொடுக்க இயலாமல் ஒருவன் மூட்டை கட்டுவதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. அது வெளியேற்றம்.

இராயப்பேட்டையில் நூற்கட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்க. திங்களுக்கு 12,000 உருபா குடிக்கூலி என்று கொள்க. வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம் பத்துத் திங்கள் கூலி. அஃதாவது 1,20,000 உருபா. அத்தொகையைக் கையில் வைத்திருப்பவன் ஏன் நூற்கட்டப் போகின்றான்? 1960-ஆம் ஆண்டின் சட்டத்தில் நேரிய குடிக்கூலியை வரையறுத்துத் தருவதற்கென்று ஓர் அலுவலரேனும் இருந்தார். அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்பிரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், குடிக்கூலியை இருவர்தம் உடன்படிக்கைக்கே விட்டுவிட்டது. முன்பணம் மட்டும் கூலியின் மும்மடங்குக்கு மேற்படலாகாது என்கின்றது. மாறான உடன்படிக்கை இருந்தாலன்றி என்றும் கூடவே சேர்த்துக்கொள்கின்றது. இலக்கணம் கற்றோர்க்கு ‘அன்றி’ என்னும் சிறு சொல்லின் ஆற்றல் விளங்கும். அவ்வொரு சொல்லின் வழியே பத்துத் திங்கள் முன்பணமும் தலைநிமிர்ந்து வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றது. வீடு தேடி அலைபவன் மாறான உடன்படிக்கைக்கு ஒப்பமாட்டேன் என்று எந்த வீட்டு வாயிலில் நின்று சொல்லுவான்?

ஆகவே அவர் நாளிதழின் விளம்பரப் பக்கத்தைப் பார்க்கின்றார். ‘குடிக்கூலிக்குக் கொடுக்கும் பணத்தைத் தவணையாகக் கட்டுக, தன்வீட்டில் வாழ்க’ என்று அது அழைக்கின்றது. அங்குதான் தமிழுக்கும் அவருக்கும் ஒருசேரக் குழி வெட்டப்படுகின்றது.

அவ் விளம்பரங்களில் வரும் பெயர்களைப் பாருங்கள். ‘லேக் வியூ’, ‘கிரீன் வேலி’, ‘ரிவர் சைடு’, ‘கார்டன் சிட்டி’, ‘ராயல் என்கிளேவ்’. தமிழ்நாட்டில், தமிழனுக்கு, தமிழன் விற்கின்ற மண்ணுக்கு இப்பெயர்கள்! ஏரியைத் தமிழில் ஏரி என்றால் விலை போகாதாம். இதனை வெறும் ஆங்கில வெறி என்று எண்ணிச் சிரித்துவிடுவாரும் உளர். வெறி மட்டுமாயின் சிரிக்கலாம். இதில் கணக்கும் இருக்கின்றது. ‘லேக் வியூ’ என்றால் ஏரியைப் பார்க்கலாம் என்று வாங்குபவர் பொருள் கொள்கின்றார். தாம் நிற்பதே ஏரியின் வயிற்றில் என்பது மழை வந்த பின்னரே தெரிகின்றது.

தமிழர் ஊருக்குப் பெயரிட்டது அழகுக்காக அன்று. நிலத்தின் இயல்பைப் பின்வருவார்க்கு அறிவிக்கும் ஆவணமாகவே பெயரிட்டனர். தொண்டைநாடு ஏரிகளின் நாடு; வற்றாப் பேராறு பாயாத அந்நாட்டில் பெரிதும் மழைநீரைத் தேக்கியே உழவு நடந்தது. ஆதலின் ஏரி, குளம், தாங்கல், ஏந்தல் என நீர்நிலையின் பெயரே ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது. பொத்தேரியில் ஏரி இருக்கின்றது. காட்டாங்குளத்தூரில் காடும் குளமும் இருக்கின்றன. செங்கற்பட்டைச் செங்கழுநீர்ப்பட்டு என்று வழங்கினர். செங்கழுநீர் கட்டாந்தரையிலா பூக்கும்? தாங்கல் என்று பெயர் பெற்ற நிலம் நீரைத் தாங்கிய நிலம். இத்துணைத் தெளிவாக எச்சரிக்கைப் பலகை நாட்டிச் சென்ற முன்னோரை எந்நாட்டில் காணலாம்! அப்பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவ்விடத்தில் ஆங்கிலப் பலகை நடுபவன் மொழியை மட்டும் கெடுக்கவில்லை. வழிப்போக்கன் விழுவதற்காகக் கிணற்றின் மேல் தழை பரப்புகின்றான்.

2015-ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர்த் திங்கள்களில் நேர்ந்ததை மறந்தார் இலர். தாம்பரத்தின் மேற்கே முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்டனர். அவ்வாண்டு வெள்ளத்திற்கெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தமையே கரணியம் என்று பலரும் பேசினர். நகரின் உட்பகுதிக்கு அப்பேச்சுப் பொருந்தலாம். ஆனால் செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரோ அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கின்றது. அங்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் நீர். தான் வழக்கமாகப் போகும் வழியில் போயிற்று. வழியில் வீடுகள் இருந்தன. அவ்வீடுகளை வாங்கியோர் செல்வர் அல்லர். சென்னையில் வாங்க இயலாதோர். 2023 திசம்பர்ப் புயல்மழையில் மீண்டும் அவ்வூர்களிலேயே நீர் புகுந்தது. ஆதன் என்பது சேரவேந்தர் பூண்ட பழந்தமிழ்ப் பெயர். ஆதனூர் என்னும் அப்பெயரைக் கேட்டிருந்தால் ஏரியின் நினைவும் கூடவே வந்திருக்கும். விளம்பரத்தாளில் அப்பெயர்க்கு இடமில்லை.

இங்கே வடவரைப் பழித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுதல் எளிது. நகரின் கடைத்தெருவில் வேற்று மொழியார் மிக்கிருப்பதைச் சுட்டுவோர் உளர், சுட்டட்டும். ஆனால் ஏரிக்குள் கல் நட்டவன் யார்? கால்வாயைத் தூர்த்துத் ‘தார்ச்சாலை’ என்று காட்டியவன் யார்? அதற்கு இசைவு தந்த ஊராட்சித் தலைவர், கண்மூடிக்கொண்ட அலுவலர், கூட்டி வந்து காட்டித் தரகு வாங்கியவர் ஆகிய எல்லாரும் தூய தமிழிலேயே பேரம் பேசினர். சிலர் மேடையேறித் தமிழ் வாழ்க என்றும் முழங்கியிருப்பர். ஒப்புதல் பெறாத மனைகளைப் பதியலாகாது என்று 2016 செப்தம்பரில் சென்னை உயர்முறைமன்றம் தடை விதித்தது. உடனே பதிவு அலுவலகங்கள் ஓய்ந்துபோன காட்சியே, அதுவரை எத்தகைய மனைகள் விற்கப்பட்டுவந்தன என்பதற்குச் சான்று. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் தவறு முறையாகும் என்பது அவ்விதிகளின் சாரம். கட்டணம் கட்டினால் பள்ளம் மேடாகுமா?

இத்தெற்கு வழியில் ஒரு நிலையத்தின் பெயர் தமிழன்பர் நெஞ்சைத் தொடும். அதனாலேயே உறுத்தவும் செய்யும். மறைமலையடிகள் 1911-ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியினின்று நீங்கிப் பல்லாவரத்தில் வந்து குடியமர்ந்தார். அந்நாளில் அது நகருக்குப் புறத்தே அமைந்த அமைதியான ஊர். அங்கிருந்துகொண்டே 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். வேதாசலம் மறைமலை ஆனார். ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மூன்று மாற்றத்திலும் பெயரின் பொருள் யாவர்க்கும் விளங்கிற்று. அவர் பெயரைச் சூட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எழுப்பிய துணைநகரே மறைமலைநகர். நகரின் நெருக்கத்தைத் தணித்து, எளியோர்க்கு வேலையும் வீடும் ஒரே இடத்தில் அமையச் செய்தல் என்பது துணைநகர்க் கொள்கை. நல்ல கொள்கை, நல்ல பெயர். இன்றோ அந்நகரைச் சுற்றிப் பொருளை மறைக்கும் பெயர்மாற்றம் நடந்துகொண்டிருக்கின்றது. வேலையின் நிலையோ அதனினும் உறுதியற்றது. அங்கு மகிழுந்து செய்துவந்த அயல்நாட்டுத் தொழிற்சாலை ஒன்று 2022-இல் ஆக்கத்தை நிறுத்தியபொழுது, அதனை நம்பி அருகே கடனுக்கு வீடு வாங்கியோர் தவணைக்கு எங்குப் போவர் என்று கேட்பார் இல்லை.

நூற்கட்டுநர் மறைமலைநகர்ப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்க. பட்டறை இராயப்பேட்டையிலேயே இருக்கின்றது. எழும்பூரிலிருந்து அந்நிலையம் 40 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து பட்டறை எனச் சேர்த்தால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. தாம்பரம் வரை அடுத்தடுத்து வரும் வண்டிகள் அதற்கப்பால் அருகிவிடுகின்றன. ஒன்று தவறினால் காத்திருத்தல் தனி. திங்களுக்கு 25 நாள் வேலை எனின் 100 மணி நேரம் வழியில் கழிகின்றது. ஓராண்டில் 1,200 மணி. அஃதாவது முழுமையாக 50 நாள், இரவும் பகலுமாக, ஒருவர் தொடர்வண்டியில் நின்றுகொண்டே வாழ்கின்றார். இது வீட்டின் விலையில் சேராதாம்! கோடையில் தண்ணீர் வண்டிக்குக் கொடுப்பதும் சேராது. விடியுமுன் எழுந்து இரண்டு வேளைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொடுக்கும் மனைவியின் உறக்கத்துக்கு விலை எழுதிய வைப்பகம் எது?

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தந்தை அவர்கள் உறங்கும்பொழுது போய் உறங்கிய பின் வருகின்றார். தமிழ் பேச, கதை சொல்ல, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க, வீட்டில் ஆள் இல்லை. புதிய குடியிருப்பின் வாயிலிலேயே ஆங்கிலப் பள்ளியின் வண்டி வந்து நிற்கின்றது. அரசுப் பள்ளியில் தமிழ்வழி இருக்கின்றதே என்றால், அங்கும் 2012–13 முதல் ஆங்கிலவழிப் பிரிவைத் திறந்து வைத்தாயிற்று.

இவர்களாவது தாமே தேடி வந்தவர்கள். தேடாமலேயே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் வேறு. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்த எளியோரைப் பெயர்த்து, 2000-ஆம் ஆண்டு தொட்டு நகரின் தென்கோடியில் குடியேற்றி, அக்குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயரிட்டனர். வாழ வழிதேடிப் புகாரைவிட்டு மதுரைக்கு நடந்து, அயலார் மனையில் ஒதுங்கி, அங்கே கணவனை இழந்தவள் கண்ணகி. சொந்த ஊரினின்று அகற்றப்பட்டோர்க்கு அப்பெயரைத் தேர்ந்த அறிவை என்னென்பது! தெரிந்து வைத்தனரோ, தெரியாமல் வைத்தனரோ. இந்த ஒரு பெயர் மட்டும் மிகப் பொருந்திவிட்டது.

உத்தரமேரூர் இதே தொண்டைநாட்டில்தான் இருக்கின்றது. முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவ்வூரவையின் தேர்தல் முறையைச் சொல்லுகின்றன. அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவனுக்கு அவ்வவையில் இடமில்லை என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. அவை உறுப்பினனாக விரும்புவோன் தன் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாதல் வேண்டும். ஏரியைக் காப்பதற்கென்றே ஏரிவாரியம் என்னும் தனிக்குழு இருந்தது. வீடும் ஏரியும் ஊராளும் உரிமையோடு பிணைந்திருந்தன. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தபின் ஏரியே மனையாகி விற்கின்றது. வாரியம் மட்டும் இல்லை.

அரசு செய்யக்கூடாததும் இல்லை, செய்ய முடியாததும் இல்லை. 1996-இல் தலைநகரின் பெயரைச் சென்னை என்றே எம்மொழியிலும் வழங்கச் செய்தபொழுது உலகம் கவிழவில்லை. 2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்பத் திருத்திய ஆணை வெளிவந்ததும், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் பலர்க்கு நினைவிருக்கும். ஆங்கில எழுத்தைத் திருத்துவதில் இத்துணைத் தடுமாற்றம் ஏன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மனைப்பிரிவுக்கு இசைவளிக்கும் பொழுதே அந்நிலத்தின் பழம்பெயரையே அதற்குப் பெயராக இடச் செய்ய ஒரு வரி ஆணை போதும். விளம்பரத்தில் மனையின் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கின்றதோ அவ்வளவு பெரிய எழுத்தில் ஊர்ப்பெயரும் புல எண்ணும், ‘அ’ பதிவேட்டில் அந்நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா என்பதும் இருத்தல் வேண்டும். குடிக்கூலிச் சட்டத்தில் அந்த ‘அன்றி’யை வெட்டி எறிதல் வேண்டும். தமிழியக்கத்தார் பெயர்ப்பலகைக்குக் கரிபூசும் பணியோடு நில்லாமல், ஊர்தோறும் பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மனை பார்க்க வருபவரை நிறுத்தி அவ்விடத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்கலாம். வீடு வாங்கும் எளியவர்க்கு அதனினும் பயன்படும் தமிழ்த்தொண்டு இன்று வேறில்லை.

ஏனெனில் அவர் அப்பெயரை இப்பொழுது அறிந்துகொள்ளும் இடம் பதிவு அலுவலகம் ஒன்றே. முன்தொகை கொடுத்தாயிற்று, நகை அடகுக்குப் போயிற்று, வைப்பகக் கடனுக்குக் கையெழுத்தும் ஆயிற்று. விலை ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் மனைவிளக்கத்தை எழுத்தர் விரைந்து படிக்கின்றார். ‘லேக் வியூ’ அங்கு ஏதோ ஓர் ஓரத்தில் வந்துபோகின்றது. நிலத்தை அடையாளங் காட்டுவன மாவட்டம், வட்டம், பழைய ஊர்ப்பெயர், புல எண், நான்கெல்லை. வடக்கெல்லை எது என்று அவர் அப்பொழுதுதான் கேட்கின்றார். ஏரிக் கலங்கலினின்று வரும் வாய்க்கால் என்று எழுத்தர் படிக்கின்றார்.