காய்ச்சல் இல்லாத பிள்ளையும் கிருமி சுமக்கலாம்



கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடியபின், விடியலில் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறும் பெற்றோர் ஏராளம். பிள்ளைகள் அங்கன்வாடியிலோ காப்பகத்திலோ வளர்கிறார்கள். சளி பிடித்தால், மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுப்பது இங்கும் உண்டு.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து பயன்படாது. ஆனால் குழந்தையின் மூக்கிலும் குடலிலும் தொந்தரவின்றித் தங்கியிருக்கும் நிமோகாக்கஸ், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகும். இருமல், கழுவாத கை, பொம்மை வழியாக அவை அடுத்த பிள்ளைக்குப் பரவும். நன்றாக ஓடியாடும் குழந்தையிடமிருந்து, சிலிகோசிஸால் நுரையீரல் தளர்ந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளியான தாத்தாவுக்கும் தொற்றலாம்.

செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை மருத்துவர் சீட்டுக்கே விற்று, பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014 முதல் இருக்கிறது. கேரளம் 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. கர்நாடக அரசும் இங்கே அதைச் செய்ய வேண்டும். அங்கன்வாடிகளுக்குத் தண்ணீரும் சோப்பும் தவறாமல் கிடைக்க வேண்டும். பெற்றோரே, அரசு இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.

– ஒரு வாசகர், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்