கட்டியவர் ஒருவர், காப்பவர் எவர்?

எமது சட்டன் நகராட்சிக்கு உட்பட்ட ஹக்பிரிட்ஜில், கூரைமீது பல வண்ணக் காற்றுப்போக்கிகள் சுழலும் குடியிருப்பு ஒன்று உண்டு. ‘பெட்செட்’ என்பது அதன் பெயர். பீபொடி அறநிறுவனம், பயோரீஜனல் அமைப்பு, கட்டடக் கலைஞர் பில் டன்ஸ்டர் ஆகியோரது கூட்டு முயற்சியால் 2002 ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட 82 வீடுகளுள் 10, நகருக்கு இன்றியமையாத பணிபுரிவோருக்கென ஒதுக்கப்பட்டன.

மரச்சிம்புகளிலிருந்து வெப்பமும் மின்சாரமும் பெற அங்கே ஒரு பொறி நிறுவினர். அது அடிக்கடி பழுதுற்றது. வழங்கிய கம்பனியும் நொடித்தது. 2005 இல் பொறி நின்றுவிட, எரிவாயுக் கொதிகலன்கள் வந்தன. செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்த நிலையமும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஏறத்தாழ நூறு வீடுகளுக்காக ஒரு நிபுணரை எப்பொழுதும் வைத்துப் பராமரிப்பது கட்டுப்படியாகுமா? ஆயினும் தடித்த காப்புப் பொருள் பொதிந்த சுவர்களும், மூவடுக்குக் கண்ணாடி யன்னல்களும், தெற்கு வெயிலை உள்ளே வாங்கும் அமைப்பும் எவரது மேற்பார்வையுமின்றித் தம் வேலையைச் செய்தன. அங்குள்ளோரின் மின்சாரப் பாவனை சட்டன் சராசரியிலும் 45 விழுக்காடு குறைவென 2007 ஆம் ஆண்டுக் கணிப்பு காட்டிற்று.

பணியாளர் குடியிருப்பென்றதும் என் நினைவுக்கு வருவது மலையகத்து லயன்களே. அங்கே ஒரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், மழைநாட்களில் மாணவரின் கொப்பிகள் நனைந்து வரும். வழியில் நனைந்தவையல்ல, வீட்டிற்குள் நனைந்தவை. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், கூரைத் தகரம் மாறவில்லை. காணியுறுதி இல்லாத தொழிலாளி தன் காசைப் போட்டுத் திருத்தத் தயங்கினார். நிருவாகமோ அதனை வீண்செலவாகக் கருதிற்று. பின்னாளில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்தபோதுதான், திருத்தினால் எனக்கே என்னும் எண்ணத்துக்கு இடம் பிறந்தது.

இங்கு எம்மவர் பலர் கடைக்கு மேலும், பராமரிப்பு இல்லங்களிலும் முதலாளி கொடுத்த அறைகளில் வசிக்கின்றனர். சுவரிற் பூஞ்சணம் படரும். வேலை போய்விடும் என்று அஞ்சி வாய் திறவார். குளித்த நீராவிதான் காரணம் என்று முதலாளி சொன்னால் அதையும் நம்பிவிடுவோம்!

சட்டம் அறிதல் நலம். 1985 ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர் குடியிருப்பாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, குறுங்கால வாடகை வீடுகளின் சுவர், கூரை, நீர்க்குழாய், மின்னிணைப்பு, வெப்பமூட்டி ஆகியவற்றைத் திருத்தும் பொறுப்பை உரிமையாளர்மீதே சுமத்துகிறது. ஆனால் வேலையைச் செவ்வனே செய்வதற்காகவே அவ்விடத்தில் வசிக்கவேண்டும் என்று ஒப்பந்தம் கூறின், நீங்கள் வாடகையாளராக அல்லாமல் அனுமதியின்பேரில் தங்குபவராகக் கருதப்படலாம். அப்போது அப்பிரிவு உதவாது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

ஆகவே கையொப்பம் இடுமுன், திருத்தவேலை எவர் பொறுப்பு, செலவு எவருடையது என்பவற்றை எழுத்திற் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்போர் பழுதைத் திகதியிட்டு எழுதிக் கொடுத்துப் பிரதியொன்றை வைத்திருங்கள், படமும் எடுங்கள். ஆங்கிலம் தடையாயின், படிக்கின்ற பிள்ளையிடம் எழுதுவித்து, ஒப்பந்தத்துடன் சட்டனிலுள்ள பிரசைகள் ஆலோசனை நிலையத்துக்குச் செல்லலாம். அங்கு கட்டணம் இல்லை.